வெள்ளந்தி என்னும் பட்டம்

திரையில் ஓர் அப்பாவி வருகின்றான். ஊருக்குப் புதியவன், அவ்வூரின் வழக்கங்களை அறியாதவன், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கின்றான், நிற்கக் கூடாத இடத்தில் நிற்கின்றான். அரங்கம் சிரிப்பால் அதிர்கின்றது. அச்சிரிப்பு யாரை நோக்கியது என்று எவரும் நின்று வினவுவதில்லை. வினவியே தீர வேண்டும் என்பது நம் வழக்கு. தங்கவயல் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இவ்வினா பொழுதுபோக்கன்று. ஏனெனில் நூற்றிருபது ஆண்டுகளாக அந்த அப்பாவியின் உடுப்பை நம் அளவுக்கே தைத்து வைத்திருந்தார்கள். நம்மில் சிலர் அதனை இன்றும் பெருமையோடு அணிந்து திரிகின்றோம்.

நகை எவ்வாறு பிறக்கின்றது என்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார். எள்ளல் அவற்றுள் ஒன்று, பேதைமை மற்றொன்று. உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலையும் இரண்டாகப் பகுத்துக் காட்டுவார். தான் பிறரை இகழ்ந்து நகைப்பது ஒரு வகை. பிறர் தன்னை இகழ்ந்தவிடத்துத் தான் நகைப்பது மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. முன்னது வலியவனின் சிரிப்பு. பின்னது இகழப்பட்டும் தலை தாழாதவனின் சிரிப்பு. அப்பாவியை நாயகனாகக் கொண்ட எந்த அங்கதப் படத்தையும் நிறுத்துப் பார்க்க இந்த ஒரு தராசே போதும். அது பேதையைக் காட்டிச் சிரிக்க வைக்கின்றதா, அல்லது பேதையின் கண்ணால் அறிவாளிகளைக் காட்டிச் சிரிக்க வைக்கின்றதா?

இரண்டாம் வகைக்கு நம் மொழியிலேயே முன்னோடி உண்டு. புதுமைப்பித்தன் 1943இல் 'கலைமகள்' இதழில் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற சிறுகதையில் கடவுளே சென்னைப் பட்டணத்துக்கு வந்து வழி கேட்டு நிற்கின்றார். உலகைப் படைத்தவருக்கு அவ்வுலகில் ஒரு நாள் பிழைப்பு நடத்த வழி தெரியவில்லை. ஆடற்கலையின் தலைவர் நடனமாடிக் காட்டியும் செல்வர் வீட்டில் மதிப்பின்றித் திரும்புகின்றார். நாம் சிரிப்பது கடவுளின் அறியாமையைக் கண்டன்று. கடவுளுக்கும் இடமில்லாதபடி நகரத்தை ஆக்கிவிட்ட நம் கெட்டிக்காரத்தனத்தைக் கண்டு.

இந்தித் திரையில் 1956இல் வந்த 'ஜாக்தே ரஹோ' அதே நெறியிற் சென்றது. சம்பு மித்ராவும் அமித் மைத்ராவும் இயக்கிய அப்படத்தில், ராஜ் கபூர் ஏற்ற நாட்டுப்புறத்து மனிதன் இரவில் ஒரு வாய்த் தண்ணீர் தேடி நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் நுழைகின்றான். 'திருடன்' என்ற கூச்சல் எழுகின்றது. ஒளிந்து ஓடும் அவன் கண்ணுக்கு, பூட்டிய கதவுகளுக்குப் பின்னே மதிப்புக்குரியோர் புரியும் களவெல்லாம் தெரிகின்றது. 1957இல் கார்லோவி வாரி திரைப்பட விழாவின் தலையாய பரிசை அப்படம் வென்றது. 2014இல் ராஜ்குமார் ஹிரானி இயக்கி வெளிவந்த 'பிகே', வேற்றுலகத்திலிருந்து வந்த ஒருவனைக் கொண்டு சமய வாணிகத்தை வினவியதும் இப்பழைய உத்தியின் புதிய கிளையே.

ஆனால் எல்லா அப்பாவிப் படங்களும் இத்தராசில் தேறுவதில்லை. 1980இல் தென்னாப்பிரிக்காவின் ஜேமி உய்ஸ் உருவாக்கிய 'தி காட்ஸ் மஸ்ட் பி கிரேசி' உலகம் முழுவதும் ஓடிய படம். வானூர்தியிலிருந்து விழுந்த ஒரு கோக்கக் கோலா புட்டியைத் தெய்வங்களிடமே திருப்பிக் கொடுக்கப் பாலைவனத்துச் சான் இனத்தவர் ஒருவர் உலகின் விளிம்பு தேடி நடக்கின்றார். நாகரிகத்தை எள்ளும் படம் என்று பலர் புகழ்ந்தனர். நாம் அப்புகழுரையை ஏற்பதற்கில்லை. சட்டமறியாத, உடைமையறியாத, குழந்தையனைய மக்கள் என்று அப்படம் எந்த இனத்தைக் காட்டியதோ, அதே இனத்தாரைத் தென்னாப்பிரிக்க இராணுவம் அந்த ஆண்டுகளில் படைக்குச் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்நாட்டுக் கறுப்பின மக்கள் நடமாட்டச் சீட்டின்றி நகரத்தில் கால் வைக்க முடியாத சட்டம் 1986 வரை நடைமுறையில் இருந்தது. படத்திலோ ஒரு புட்டியைத் தவிர வேறு துன்பமே அம்மக்களுக்கு இல்லை. ஒரு மக்களைக் 'கள்ளமற்றவர்' என்று கொஞ்சுவது, அவர்களுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் காட்டாமல் விடுவதற்கு எவ்வளவு வசதியான வழி!

தென்னாப்பிரிக்காவின் பெயரைச் சொன்னதும் தங்கவயலார்க்குத் தங்கச் சுரங்கம் நினைவுக்கு வரும். உலகின் மிக ஆழமான சுரங்கங்களை எண்ணும்போது தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களோடு நம் சாம்பியன் ரீஃபும் எண்ணப்பட்டது. அது 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. ஜோகன்னஸ்பர்க்கின் கிரவுன் மைன்ஸ் என்னும் தங்கச் சுரங்கத்தில் 1941இல் காவற்பணிக்குச் சேர்ந்து, சில நாளிலேயே அனுப்பப்பட்ட நாட்டுப்புறத்து இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் நெல்சன் மண்டேலா. பெருநகருக்கு வந்த அந்த வெளியூர் இளைஞரைக் கண்டு அன்று எத்தனை பேர் நகைத்தனரோ நாம் அறியோம். அப்பெயரையே தலைப்பாகச் சூடிய தமிழ்ப்படம் ஒன்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மடோன் அஸ்வின் எழுதி இயக்கி, யோகி பாபு நடித்த 'மண்டேலா', 2021 ஏப்ரல் 4 அன்று, தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர், தொலைக்காட்சி வழியே வெளியாயிற்று. 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அறிமுக இயக்குநரின் சிறந்த படம், சிறந்த வசனம் என்னும் இரு விருதுகளையும் பெற்றது. கதை சூரங்குடி என்னும் சிற்றூரில் நிகழ்கின்றது. ஊர் சாதியால் இரண்டாகப் பிளந்து கிடக்கின்றது. ஊருக்கென்று வந்த கழிப்பறையில் முதலிற் புகுவது எந்தப் பக்கத்தார் என்ற பூசலில் அக்கழிப்பறையே இடிந்துபோகின்றது. இவ்விரு பக்கத்திலும் சேராத ஒருவர் மரத்தடியில் வாழ்கின்றார். முடிதிருத்துவது அவர் தொழில். ஏவிய எடுபிடி வேலையெல்லாம் செய்வது அவர் தலைவிதி. அவருக்குப் பெயர் இல்லை. 'இளிச்சவாயன்' என்பதே ஊரார் அழைக்கும் பெயர். அவ்வூரிலேயே வாழ்ந்தும் அவ்வூர்க்கு வெளியாள் அவர்.

சேமித்த காசு களவு போகவே, அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கச் செல்கின்றார். கணக்குக்குப் பெயர் வேண்டும். பெயருக்குச் சான்று வேண்டும். அஞ்சலகத்துப் பெண் தேன்மொழி அவருக்கு நெல்சன் மண்டேலா என்று பெயரிடுகின்றார். பெயர் வந்தது, அடையாள அட்டை வந்தது, பின்னே வாக்குரிமையும் வந்தது. ஊராட்சித் தேர்தலில் இரு வேட்பாளர்க்கும் வாக்குகள் சரிக்குச் சரியாய் நிற்க, அந்த ஒற்றை வாக்கே வெற்றியை முடிவு செய்யும் என்று தெரிந்ததும், நேற்றுவரை கொல்லைப்புற வழியாய் அழைத்தவர்கள் முன்வாசலில் விருந்து வைக்கின்றார்கள்.

படத்தின் உயிர்நிலை இதற்குப் பிறகே வருகின்றது. விருந்தும் பரிசும் பெற்ற மண்டேலா முதலில் மயங்குகின்றார். தம் வாக்குக்கு விலை ஏற்றுகின்றார். நம்மைப்போல் எளியவர் என்று நாம் இரங்கிய அம்மனிதர் நம்மைப்போலவே விலைபோகவும் செய்கின்றார். இயக்குநர் இதனை மறைக்கவில்லை. அதுவே அவர் நேர்மை. பின்னர் அடியும் பசியும் அவமதிப்பும் கண்டு தெளிந்த மண்டேலா, தமக்கென்று கேட்பதை விட்டு, ஊருக்குப் பொதுவான வசதிகளைக் கேட்கத் தொடங்குகின்றார். அந்தக் கணத்தில் அவர் அப்பாவி அல்லர். அப்பாவித்தனத்தைக் களைந்த பின்னரே அவர் மனிதராகின்றார். வெள்ளந்தியாய் இருப்பது அழகு என்று பாராட்டி முடிக்கும் நூறு படங்களுக்கு நடுவே, வெள்ளந்தித்தனம் ஒரு சிறை, அதிலிருந்து வெளியேறுவதே விடுதலை என்று கூறிய படம் இது.

இனி நம் கதைக்கு வருவோம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இம்மண்ணைத் தோண்டத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்தும் நம் முன்னோர் வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமையிலும் பஞ்சத்திலும் இருந்து தப்பி வந்தவர்கள். வயற்காட்டிலிருந்து வந்தவர்களைக் கயிறு பிணித்த கூண்டிலேற்றிப் பூமிக்கு அடியில் இறக்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து இங்கே மின்சாரம் வந்தது. பெருநகரங்கள் பலவற்றுக்கு முன்பே மின்னொளி கண்ட ஊர் இது என்று இன்றும் பெருமை பேசுகின்றோம். அம்மின்சாரம் முதலில் எதற்கு வந்தது? எந்திரங்களை ஓட்ட வந்தது. நவீன உலகத்தின் நடு மண்டபத்துக்குள் நாம் நுழைந்தோம். ஆனால் நுழைந்தது கொல்லைப்புற வழியாக.

அவ்வுலகம் நம்மைப் பெயரால் அறிய விரும்பவில்லை, எண்ணால் அறிந்தது. 1930இல் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதி வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று கருதப்பட்ட அம்மக்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். விரலில் மை தடவுவது குற்றவாளிக்குச் செய்யும் செயல் என்பதையும், பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவன் யார் என்பதே வினா என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தார்கள். இதனை அப்பாவித்தனம் என்பார் உளரோ? சூரங்குடி மண்டேலா தம் காசைத் தாமே ஆள ஓர் அட்டையைத் தேடினார். நம் முன்னோர் தம்மைச் சந்தேகத்துக்குரியவராக்கும் பதிவேட்டை மறுத்தனர். இரண்டும் ஒரே அறிவின் இரு பக்கங்கள்.

இன்னுமொன்று காண்க. பண்டிதர் அயோத்திதாசர் தொடங்கி நடத்திய 'தமிழன்' இதழ் அவர்தம் மறைவுக்குப் பின்னர் நின்றுபோனபோது, 1926இல் அதனை மீண்டும் எழுப்பியது எவ்வூர்? இத்தங்கவயலே. ஜி. அப்பாதுரையார் ஆசிரியராயிருந்து அதனை நடத்தினார். அயோத்திதாசரின் நூல்களைப் பதிப்பித்துக் காத்த சித்தார்த்தா புத்தகசாலையும் இங்கே இருந்ததே. 1946இல் உரிமைப் போராட்டத்தில் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்த தொழிலாளரும் இம்மண்ணினரே. பகலெல்லாம் பாறை உடைத்து, இரவில் புத்தம் பேசி, இதழ் படித்து, சங்கம் அமைத்த மக்கள் அவர்கள். வெள்ளந்தி என்பது அவர்கள் இயல்பன்று. அவர்கள் உழைப்பை எடுத்துக்கொண்டவர்கள் அவர்களுக்குச் சூட்டிய பட்டம்.

இவ்வரலாறு நமக்குத் தெரிந்திருந்தால், 2018இலும் 2022இலும் நம் ஊர்ப்பெயரையே தலைப்பாய்க் கொண்டு இரு பாகங்களாய் வெளிவந்த கன்னடப் பெரும்படத்தைக் கண்டு நாம் கைதட்டியிருப்போமா? பிரசாந்த் நீல் இயக்கிய அப்படத்தில் தங்கம் கண்டெடுக்கப்படுவதே 1951இல். சுரங்கத்துக்குள் இருப்போர் வெளியுலகம் அறியாத அடிமைக் கூட்டம். மும்பையிலிருந்து வரும் ஒரு வீரனே அவர்களுக்கு மீட்பன். உண்மையான 1951இல் இங்கே 70 ஆண்டுச் சுரங்கத் தொழில் நிறைந்திருந்தது; தொழிற்சங்கங்கள் இருந்தன; விடுதலை பெற்ற நாட்டின் முதற் பொதுத்தேர்தல் வாசலில் நின்றது. இதழ் நடத்திய மக்களைத் திரை ஊமைகளாக்கியது. தமிழ் பேசிய வரிசை வீடுகள் அங்கே சுவடின்றி மறைந்தன. அங்கதப் படத்தில் வெளியாள் அப்பாவியாய் வருவான். இங்கோ வெளியாள் வீரனாகி, மண்ணின் மக்கள் அப்பாவிகளாயினர். உத்தி தலைகீழாயிற்று, இழிவு அப்படியே நின்றது.

'படத்தைப் படமாகப் பார்க்க வேண்டும். அது கற்பனைதானே' என்பாரும் உளர். நாம் கற்பனைக்குப் பகைவர் அல்லர். கடவுளைச் சென்னைத் தெருவில் நடக்கவிட்டதும் கற்பனையே. ஆனால் கற்பனை யாரிடமிருந்து நாவைப் பறிக்கின்றது, யாருக்கு நாவைக் கொடுக்கின்றது என்று கேட்பது இரசிகனின் உரிமை. இலக்கியச் சங்கத்தாரின் கடமை. 'அப்படத்தால்தானே நம் ஊரை உலகம் அறிந்தது' என்பது இரண்டாம் வாதம். உலகம் அறிந்தது ஊரின் பெயரை, மக்களை அன்று. எண்ணைக் கொடுத்துப் பெயரை மறைத்தது பழைய கொடுமை. பெயரை எடுத்துக்கொண்டு மக்களை மறைத்தது புதிய கொடுமை. 2024இல் பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' தங்கம் தேடிச் சென்ற வட ஆர்க்காட்டு மக்களைக் கதையின் நடுவில் நிறுத்தியது. அதன் குறை நிறைகளை வேறிடத்தில் பேசுவோம். நம் முன்னோர்க்குத் திரையில் முகமும் நாவும் தர முடியும் என்பதையேனும் அது மெய்ப்பித்தது.

மூன்றாவதாக ஒரு வாதம் உண்டு. அதுவே மிகக் கொடிது. 'நாம் பிழைக்க வந்தவர்கள். அமைதியாய் இருந்துவிட்டுப் போவோம்' என்பது அது. நான்கைந்து தலைமுறை கடந்தும் நம் வீட்டுத் திண்ணைகளில் இச்சொல் ஒலிக்கின்றது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை மேலே அனுப்பியவர்கள் பிழைக்க வந்தவர்களா, பிழைப்பித்தவர்களா? 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது அந்த அமைதி நமக்கு என்ன பெற்றுத் தந்தது? விடியுமுன் மாரிக்குப்பத்துத் தொடர்வண்டியில் ஏறி பெங்களூர் சென்று, விளக்கு வைத்தபின் திரும்பும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே அவர்கள் பேச்சைக் கேட்டு நகைப்போர் உண்டு. கன்னடர்க்குத் தமிழராகவும், தமிழ்நாட்டார்க்குக் கன்னடராகவும் தோன்றும் புதுவகை வெளியாட்கள் அவர்கள். தாம் வாழும் வரிசை வீட்டுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்று முதியோர் நெடுங்காலம் மனுக்கொடுத்து வந்ததையும் நாம் அறிவோம்.

குற்றம் முழுவதையும் பிறர்மேல் சுமத்திவிட்டு எழுந்திருப்பது நமக்கு நேர்மையன்று. சூரங்குடிக் கழிப்பறை நம் ஊரிலும் இடிந்துகொண்டுதான் இருக்கின்றது. கட்சியால் பிரிந்தோம், சபையால் பிரிந்தோம், உட்சாதியால் பிரிந்தோம், ஒரே தெருவில் இரண்டு தமிழ் விழா எடுக்கும் அளவுக்குப் பிரிந்தோம். தமிழ்நாட்டுக் கட்சியான அ.தி.மு.க.வை 1999இலும், அம்பேத்கர் வழிவந்த இந்தியக் குடியரசுக் கட்சியை 2004இலும் இத்தொகுதியிலிருந்து கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய வலிமை நம் வாக்குக்கு இருந்தது. அவ்வலிமையைக் கொண்டு நாம் என்ன கேட்டோம்? தெருவுக்குத் தெரு, சங்கத்துக்குச் சங்கம், தனித்தனியே கேட்டோம். கைக்கு வந்ததை மடியில் கட்டிக்கொண்டோம். மயங்கிய மண்டேலாவின் நிலையிலேயே நின்றுவிட்டோம். தெளிந்த மண்டேலாவாக இன்னும் ஆகவில்லை.

தெளிவதற்குக் காலம் வந்துவிட்டது. நம் சிறுவர் சறுக்கி விளையாடிய, காற்றடித்தால் நம் கண்ணிலும் சோற்றிலும் விழும் சயனைடு மேடுகள் 13. அவற்றில் கிடப்பது 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மண். அதில் எஞ்சிய தங்கத்தை மீண்டும் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு தந்தது. தங்கம் மீண்டும் நம் வாசலில் ஏலத்துக்கு வருகின்றது. வேலை யாருக்கு? தூசி யாருக்கு? மேடு அகன்ற நிலம் யாருக்கு? இவ்வினாக்களைக் கேட்க இப்போதும் ஒரு திரை வீரன் மும்பையிலிருந்து வருவான் என்று காத்திருப்போமாயின், நம்மைப் போன்ற இளிச்சவாயர் எவருமிலர்.

ஆதலின் இம்மலரைக் கையிலேந்தும் குடும்பத்தார்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய வேலைச் சீட்டுகளையும் சங்க இரசீதுகளையும் படங்களையும் எடுத்து, அவற்றுக்கு உரியவரின் பெயரையும் ஊரையும் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள், எண் பெயராகட்டும். கழிவு மண்ணைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் எழும் கோரிக்கையை எல்லாச் சங்கங்களும் ஒரே தாளில், தமிழிலும் கன்னடத்திலும் எழுதிக் கையொப்பமிடட்டும். வாக்குக் கேட்டு வருவோர் முன்வாசலில் வந்து நிற்கும்போது, நம் வீட்டுக்கு என்ன என்று கேளாமல் நம் ஊருக்கு என்ன என்று கேட்கப் பழகுவோம்.

அதுவரை, திரையில் அப்பாவியைக் கண்டால் சிரிக்க வேண்டாம் என்று நாம் தடுக்கவில்லை. சிரியுங்கள். ஆனால் பேராசிரியர் காட்டிய இரண்டாவது சிரிப்பைச் சிரியுங்கள்: இகழ்ந்தவனின் முகத்தை நேரே பார்த்து, இகழப்பட்டவன் சிரிக்கும் சிரிப்பு அது. கைரேகைக்கு விரல் நீட்ட மறுத்தவர்களின் பேரர்க்கு அது அந்நியமான சிரிப்பன்று.